தீர்ப்பு காவல் நிலையம் வரை வந்ததா?

உச்ச நீதிமன்றம் ஒரு சட்டப்பிரிவைச் செல்லாது என்று அறிவித்தவுடன், பேச்சுரிமை காப்பாற்றப்பட்டுவிட்டதாக நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு காவல் நிலையத்து மேசை வரை வந்து சேர்ந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முதன்மையானதாகப் படுகிறது.

தொடக்கத்தில் நீதிமன்றம் துணிவாகவே நடந்துகொண்டது. 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று அன்றைய சென்னை மாநில அரசு விதித்த தடையை, அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கே மாதங்களில், 1950 மே மாதம், உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் முதல் திருத்தத்தின் மூலம் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தைப் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் வந்தது. எது நியாயம் என்று அளக்கும் கோல் நீதிபதிகள் கைக்குப் போனது.

அந்தக் கோலை மிக நேர்த்தியாகப் பயன்படுத்திய தீர்ப்பாக நான் கருதுவது, 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்படம் பற்றி 1989 மார்ச்சில் வந்த தீர்ப்பு. சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம் அது. அதன் கருத்தோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. தணிக்கைச் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. படம் வெளியானால் வன்முறை வெடிக்கும் என்று மாநில அரசும் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறியைப் போல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையே நெருங்கிய, நேரடியான தொடர்பு இருந்தால்தான் தடை செய்யலாம் என்றது. போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்று யாரோ மிரட்டுகிறார்கள் என்பதற்காக, பேசுபவரின் வாயை அடைக்க முடியாது. அவரைக் காப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. மிரட்டுகிறவரின் குரலுக்கு அஞ்சி எழுதுகிறவரை அடக்குவதே நிர்வாகத்துக்கு எப்போதும் எளிதான வழியாக இருப்பதால், இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் எழுதி மாட்டலாம்.

நடைமுறை வேறாக இருக்கிறது. 2012இல் சிவசேனா நிறுவனர் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியும் பால்கரில் கைது செய்யப்பட்டார்கள். ஒரு விருப்பக்குறிக்குக் கைது! அந்தக் கைதுக்குப் பயன்பட்ட, இணையத்தில் 'புண்படுத்தும்' செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிமன்றம் முற்றாக நீக்கியது. விவாதிப்பதும் ஆதரித்துப் பேசுவதும் எவ்வளவு வெறுப்பூட்டினாலும் குற்றமாகாது, தூண்டிவிடும் நிலையை எட்டினால்தான் சட்டம் தலையிடலாம் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக வரையறுத்தது. அதன் பிறகும் அதே செத்துப்போன பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2021இல் நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தார்கள். 2022 அக்டோபரில், இனி யார் மீதும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

இதனால்தான் 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் வந்த தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். இணையத்தில் பகிர்ந்த காணொளியின் பின்னணியில் ஒலித்த கவிதைக்காக அந்த மாநிலங்களவை உறுப்பினர் மீது குஜராத் காவல்துறை பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்ததோடு நீதிமன்றம் நிற்கவில்லை. பேச்சு, எழுத்து தொடர்பான புகாரில், தண்டனை மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் அடங்குமானால், வழக்குப் பதியும் முன், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி பதினான்கு நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றது. குற்றம் சாட்டப்படும் சொற்களை முதலில் படித்துப் பார்க்கச் சொல்கிறது; அவ்வளவுதான். ஆனால் பழைய தேசத்துரோகப் பிரிவின் இடத்தில், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வந்துள்ள 152ஆவது பிரிவுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்பதால், அது இந்த வரம்புக்குள் வராது. மிகக் கடுமையான குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் எழுத்தாளருக்கு அந்தப் பதினான்கு நாள் பாதுகாப்பு இன்றும் இல்லை. அதை அவருக்கும் நீதிமன்றம் நீட்டிக்க வேண்டும்.