பென்சிலுக்கு முன்னால் பட்டாணி உரிக்கட்டும்

பொங்கல் முடிந்ததும் ஸ்கூல்களில் அட்மிஷன் ஃபார்ம் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ப்ரீகேஜி டீச்சராக இருப்பதால் இந்த மாதங்களில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், ஏபிசிடி எழுதப் பழக்கித்தான் அனுப்பணுமா?"

வேண்டாம். மூன்று வயதுகூட ஆகாத குழந்தையை நான்கு கோடு நோட்டின் முன்னால் உட்கார வைக்காதீர்கள். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுசாக உருவாகியிருக்காது, பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். விரலுக்குப் பலம் வருவதற்குள் எழுத வைத்தால் பென்சிலை முஷ்டியால் பிடித்து அழுத்தும், அந்தப் பிடி பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதற்குப் பதில் கைக்கு வேலை கொடுங்கள். இப்போது பச்சைப் பட்டாணி சீசன்தானே, ஒரு தட்டில் கொஞ்சம் போட்டுக் குழந்தை முன்னால் வையுங்கள். தோலைக் கட்டைவிரலால் அழுத்தும், முதலில் பிளக்காது, திருப்பி வைத்து இன்னொரு பக்கம் அழுத்தும், டப்பென்று பிளந்ததும் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கும். பென்சில் பிடிக்க வேண்டிய அதே விரல்கள்தான் அங்கே வேலை செய்கின்றன. (பக்கத்தை விட்டு மட்டும் எழுந்துவிடாதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும்.) சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுக்கலாம், கீரை ஆயச் சொல்லலாம், டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றவிடலாம். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் கல்வி முறையே தண்ணீர் ஊற்றுவது, பித்தான் போடுவது மாதிரியான வீட்டு வேலைகளில்தான் தொடங்குகிறது. அவர் பெயரில் ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விற்கிற மரச்சாமான் செட்டை வாங்காவிட்டால் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இதைவிட முக்கியம் பேச்சு. ஒரு பையன் வந்தான், படத்தைக் காட்டினால் காண்டாமிருகம் வரைக்கும் ஆங்கிலத்தில் பெயர் சொல்லுவான். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தான். மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது. "திறந்து கொடுங்க" என்று கேட்க அவனுக்கு எந்த மொழியிலும் வரவில்லை. வீட்டில் அப்பா அம்மா ஆங்கிலம் பழக்குகிறோம் என்று "கம், சிட், ஈட்" என்று கட்டளையாகவே பேசியிருக்கிறார்கள், மீதி நேரம் போன். இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. சோறு ஊட்டும் நேரத்திலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிற வீடுகள்தான் நான் பார்ப்பவை. உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் தானாக வருகிறதோ, அது தமிழோ தெலுங்கோ உருதுவோ, அதிலேயே நாள் பூராவும் பேசுங்கள். குளிப்பாட்டும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசுங்கள். குழந்தை கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். ஆங்கிலம் எங்கும் ஓடிவிடாது, நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஒண்ணுக்கு வருது, வயிறு வலிக்குது, அவன் என்னை அடிக்கிறான். இந்த மூன்றையும் ஒரு குழந்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எங்களுக்குப் பாதிக் கவலை போய்விடும். உடைக்கு எலாஸ்டிக் வைத்த டிரவுசர் போதும், பெல்ட்டும் ஜீன்ஸும் வேண்டாம், அவசரத்தில் கழற்ற முடியாமல் நனைத்துக்கொண்டு கூனிக்குறுகி நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கே அழுகை வரும். டிஃபன் பாக்ஸை ஜூனில் வாங்காதீர்கள், முன்கூட்டியே வாங்கி வீட்டில் அதிலேயே சாப்பிடப் பழக்குங்கள், தானே திறந்து, சிந்தினாலும் தானே எடுத்துச் சாப்பிடட்டும்.

அப்புறம் தயவுசெய்து, "சேட்டை பண்ணினா மிஸ்கிட்ட சொல்லிடுவேன், ஸ்கூல்ல அடிப்பாங்க" என்று பயமுறுத்தாதீர்கள். வருஷம் பூராவும் எங்களைப் பூச்சாண்டியாகக் காட்டிவிட்டு முதல் நாள் எங்கள் கையில் கொடுத்தால் குழந்தை எப்படி வரும்? அசந்த நேரம் பார்த்து நழுவிப் போவதும் வேண்டாம். அடுத்த நாளிலிருந்து அது உங்கள் புடவையை விடவே விடாது. முகத்தைப் பார்த்து, "டிஃபன் சாப்பிட்டு, விளையாடி முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழும், நாங்கள் தூக்கி வைத்துக்கொள்கிறோம். சொன்ன நேரத்துக்கு மட்டும் வந்துவிடுங்கள்.