பாட்டுக்கு என்ன அவசரம்?

சாக்ஸபோன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒரு பாட்டு வாசிக்க எவ்வளவு நாள் ஆகும்?" இணையத்தில் இதற்கு உடனடியாகப் பதில் கிடைக்கிறது. ஒரு வாரத்தில் ஒரு பாட்டு, ஒரு மாதத்தில் பத்துப் பாட்டு. எந்த நேரத்தில் எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்று ஒரு காணொளி, சுரங்களை எழுதிய ஒரு காகிதம், அவ்வளவுதான் பாடம். இந்த முறையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாக்ஸபோன் ஆரம்பத்தில் ரொம்பத் தாராளமாக நடந்துகொள்ளும் கருவி. புல்லாங்குழலில் முதல் சத்தம் வரவே சிலருக்குப் பல நாள் ஆகும். துளையின் விளிம்பில் காற்று சரியான கோணத்தில் பட்டால்தான் உண்டு. வயலினில் வில்லை நேராக இழுக்க மாதக்கணக்கில் பழக வேண்டும். சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸில், அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய நாணல் பட்டையான ரீடைச் சரியாகப் பொருத்திக் கையில் கொடுத்துவிட்டால், அன்றைக்கே அநேகமாக எல்லோருக்கும் ஏதோ ஒரு சத்தம் வந்துவிடும். விரல் அமைப்பும் நேரானது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டே வந்தால் சுரமும் இறங்கிக்கொண்டே வரும். இடது கட்டைவிரலால் ஆக்டேவ் கீயை அழுத்தினால் அதே விரல்களில் மேல் ஸ்தாயி கிடைக்கும்.

இது தற்செயலாக அமைந்ததில்லை. பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் இந்தக் கருவிக்கு 1846-இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே கிளாரினெட்டுகளைச் செய்து, திருத்தி, நன்றாக அறிந்தவர். கிளாரினெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலத்தில் போகும். அதனால் அதில் மேல் பகுதிக்குத் தாவும்போது சுரம் ஒரு ஸ்தாயியைத் தாண்டி இன்னும் ஐந்து சுரத் தொலைவுக்குப் போய்விடும். கீழே ஒரு விரல் கணக்கு, மேலே வேறொரு கணக்கு. சாக்ஸபோனின் குழாய் வாய்ப்பக்கம் குறுகிக் கீழே விரிந்துகொண்டே போகும் கூம்பு. ஆகவே சரியாக ஒரு ஸ்தாயி மட்டும் தாவும். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என்று சிறியதிலிருந்து பெரியது வரை உள்ள சாக்ஸபோன் வகைகள் எல்லாவற்றிலும் விரல் அமைப்பு ஒன்றுதான். ஒன்றில் பழகியவர் இன்னொன்றை எடுத்தால் விரல்களைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. (பித்தளையில் செய்திருந்தாலும் இது மரக்காற்றுக் கருவிகளின் குடும்பம். சத்தத்தைப் பிறப்பிப்பது நாணல் ரீட், உலோகம் இல்லை.)

சிக்கலும் இந்தத் தாராளத்தில்தான் இருக்கிறது. விரல்கள் சில வாரங்களில் ஓட ஆரம்பித்துவிடும், ஒலி அந்த வேகத்தில் வளராது. வரிசைப்படி சரியான கீகளை அழுத்துகிறார், கேட்கிறவர்களுக்கும் என்ன பாட்டு என்று தெரிகிறது, ஆனால் சத்தம் மூக்கால் பேசுவது போல மெலிந்து வருகிறது. மேல் ஸ்தாயிக்குப் போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. கீழே, மேற்கத்தியப் பெயர்களில் பி ஃபிளாட், பி, சி ஆகிய மூன்று சுரங்களும் வருவதே இல்லை, வந்தாலும் கொப்பளிக்கின்றன. பாட்டு வந்துவிட்டதால் இதை யாரும் திருத்துவதும் இல்லை. இப்படி ஒரு வருடம் போனால் அந்த வாய்ப்பழக்கத்தை மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

அப்புறம் பழி கருவியின் மேல் விழும். விலை கூடிய மவுத்பீஸ் வாங்குவார்கள், அதற்குப் பிறகு வேறு சாக்ஸபோன். காற்று கசியாத, துளைகளை அடைக்கும் பேட்கள் ஒழுங்காக மூடுகிற கருவி தேவைதான், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் உள்ளதெல்லாம் ஆரம்ப காலத்தில் அவ்வளவு முக்கியமில்லை. 1953-இல் டொராண்டோவின் மாஸ்ஸி ஹாலில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்தது கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் ஆல்டோவில். பதிவைக் கேட்டுப் பாருங்கள். வருவது சந்தேகமில்லாமல் பார்க்கரின் சத்தம்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு. மேல் பற்கள் மவுத்பீஸின் மேல் நேராகப் பதிகின்றன. கீழ் உதடு கீழ்ப் பற்களின் மேல் லேசாக மடிந்து ரீடைத் தாங்குகிறது. வாயின் ஓரங்கள் உள்ளே வந்து, ஒரு ரப்பர் வளையம் போல எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் பிடிக்கின்றன. ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது, தாடையைக் கீழிருந்து மேலே தூக்கிக் கடிப்பது. கடித்தால் மேல் சுரங்கள் சுலபமாக வரும், அதனால் அது சரியென்று தோன்றும். ஆனால் ரீட் அதிர இடமில்லாமல் போய், ஒலி ஒடுங்கிவிடும். உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து வலிக்கிறது என்றால் அனேகமாகக் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சாக்ஸபோனை ஓரமாக வைத்துவிட்டு மவுத்பீஸை மட்டும் ஊதுங்கள். ஆல்டோ மவுத்பீஸ் என்றால் பியானோவின் ஏ சுரம், அதாவது 880 ஹெர்ட்ஸை ஒட்டி வர வேண்டும் என்பது பல ஆசிரியர்கள் வைத்திருக்கும் அளவு. ஜாஸ் வாசிப்பவர்களில் பலர் இதைவிடக் கீழே வைத்துக்கொள்வார்கள், அது அவரவர் விருப்பம். ஆனால் ஏ-யையும் தாண்டி மேலே ஏறிப்போனால் தாடை இறுகியிருக்கிறது. கைபேசியில் சுருதியை முள்ளால் காட்டும் ஒரு ட்யூனர் செயலி போதும். பிறகு அந்த ஒரு சுரத்தை ஆடாமல் நிறுத்திப் பாருங்கள். முள் அங்கும் இங்கும் அலையும். அது நிற்க ஆரம்பிக்கும்போது உதடும் மூச்சும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நீள்சுரம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. நடு ஸ்தாயியில் சுலபமாக வரும் ஒரு சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஜி நல்லது. மெதுவாகத் தொடங்கி, சத்தத்தைக் கூட்டி, மறுபடி குறைத்து, ஒன்றுமில்லாமல் ஆகும் வரை ஒரே மூச்சில் ஊத வேண்டும். கூட்டும்போது சுருதி இறங்கக் கூடாது, குறைக்கும்போது ஏறக் கூடாது. சொல்ல ஒரு நிமிடம், செய்ய வருடங்கள். சத்தம் தொடங்கும் அந்தக் கணத்தில் நாக்கு ரீடை விட்டு விலகுவது, மூச்சு அதற்கு முன்பே அங்கே தயாராக நிற்பது, முடிவில் ஒலி அறுந்து விழாமல் கரைவது என்று ஒரே சுரத்துக்குள் எத்தனையோ இருக்கின்றன. கவனித்துக் கேட்கிறவருக்கு இது அலுக்கவே அலுக்காது. ஒரு சுரம் நன்றாக நின்ற பிறகு அரைச் சுரம் கீழே, அப்புறம் இன்னும் ஒன்று. இப்படியே கடைசி பி ஃபிளாட் வரை போக வேண்டும்.

அங்கே போனதும் இன்னொரு பயிற்சி காத்திருக்கிறது. அதே கீழ் பி ஃபிளாட் விரல்களை அசைக்காமல், தொண்டையையும் நாக்கின் நிலையையும் மட்டும் மாற்றி, மேல் பி ஃபிளாட், அதற்கு மேல் எஃப், அடுத்த பி ஃபிளாட், டி என்று ஒவ்வொன்றாக எழுப்புவது. முதலில் ஒன்றுமே வராது. ஆனால் எழுப்ப நினைக்கும் சுரத்தை முதலில் வாயால் பாடிவிட்டு ஊதினால் வர ஆரம்பிக்கும். பாடும்போது தொண்டை எடுத்துக்கொள்ளும் வடிவத்தை ஊதும்போதும் அது நினைவில் வைத்திருக்கிறது. கீகளை அழுத்தினால் சுரம் தானாக வந்துவிடும் என்ற எண்ணம் இந்தப் பயிற்சியில் உடைந்துபோகும். காதில் கேட்காத சுரம் கருவியில் வராது.

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைய கீகள் உள்ள, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு படி வைத்த கருவியில் கர்நாடக சங்கீதத்தின் கமகங்களை, அதாவது சுரங்களை அசைத்தும் வழுக்கியும் பாடும் நெளிவுகளைக் கொண்டுவருவது நடக்காத காரியம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவர் சிறு வயதில் தந்தையிடம் நாகஸ்வரம் கற்றவர். நாகஸ்வரத்தில் அதன் ரீடான சீவாளியை உதட்டாலும் மூச்சாலும் ஆள்வதுதான் பாதி வித்தை. அந்த மூச்சோடு சாக்ஸபோனுக்கு வந்தார், பல வருடம் உழைத்தார், கருவியிலும் தனக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொண்டார். விரல் மட்டும் போதும் என்றிருந்தால் இதெல்லாம் எதற்கு?

"இப்படி ஒற்றைச் சுரத்தையே ஊதச் சொன்னால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், பெரியவர்களும் விட்டுவிடுவார்கள்" என்று ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். இது நியாயமான கவலை. ஆசை அணைந்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் மெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று சுரம், ஐந்து சுரத்துக்குள் அடங்கும் சின்ன மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். காகிதம் வேண்டாம், காணொளி வேண்டாம். முதலில் அதைப் பாடட்டும், பாடியதைக் கருவியில் தேடட்டும். தப்பான சுரம் வந்தால் மேலே போக வேண்டுமா கீழே போக வேண்டுமா என்று காதே சொல்லட்டும். தேடிக் கண்டெடுத்த ஐந்து சுரம் கொடுக்கும் சந்தோஷம், பார்த்து அழுத்திய ஐம்பது சுரத்தில் இருக்காது. பிள்ளைகளுக்கு இது பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

மற்றக் கருவிகளுக்கும் இதே பேச்சுதான். மிருதங்கத்தில் நல்ல ஆசிரியர் ஒரே தாளச் சொல்லை ஒலி தெளியும் வரை வாசிக்க வைக்கிறார். கிடாரில் தேவைக்கு மேல் அழுத்தினால் தந்தி இழுபட்டுச் சுருதி கூடிவிடும். அதைக் காதால் உணராதவர் நூறு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து வாசிப்பது) தெரிந்தும் அபசுரமாகத்தான் வாசிப்பார். கீபோர்டில் மட்டும் ஆபத்து அதிகம், ஏனென்றால் சுருதி சுத்தமாகத் தானே வந்துவிடுகிறது, கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை. கீபோர்டில் தொடங்குகிறவர்கள் கூடவே பாட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

டெனர் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் 1959-இல், ஜாஸ் உலகில் பெரும் பெயர் பெற்றிருந்தபோதே மேடையை விட்டு விலகினார். தன் வாசிப்பு தனக்குப் போதவில்லை என்பதுதான் காரணம். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போய், ரயிலும் வண்டிகளும் ஓடும் சத்தத்துக்கு நடுவே நாள் முழுக்கப் பயிற்சி செய்தார். 1961 வரை இது தொடர்ந்தது. அவருக்கே அவ்வளவு தேவைப்பட்டது என்றால் ஒரு வாரத்தில் ஒரு பாட்டு என்கிற வாக்குறுதியை எந்த முகத்தோடு கொடுக்கிறார்கள்?

வயது பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று: நாற்பதிலும் ஐம்பதிலும் தொடங்கலாம். கருவியின் எடை கழுத்தில் இறங்கும், ஆகவே தோளில் மாட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்பத்துக்கு ஆல்டோ, 2 அல்லது 2.5 எண் ரீட் (எண் கூடினால் ரீட் கடினமாகும்) போதும். கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க நினைத்தால் ஆல்டோவில் ஏ ஊதினால்தான் கீபோர்டின் சி வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், குழம்ப வேண்டாம். டெனரில் டி ஊத வேண்டும்.

ஆசிரியரைத் தேடுகிறீர்களா? எத்தனை பாட்டு சொல்லித்தருவீர்கள் என்று கேட்காதீர்கள். முதல் மாதம் என்ன செய்வோம் என்று கேளுங்கள். மவுத்பீஸ், நீள்சுரம், பாடுவது என்று பதில் வந்தால் அவரிடமே சேர்ந்துவிடுங்கள். ஒரு சுரத்தை உங்களுக்கு முன்னால் ஊதிக் காட்டச் சொல்வதிலும் தவறில்லை, நல்ல ஆசிரியர் அதற்குச் சந்தோஷப்படுவார்.