தலைமையகம் லண்டனில், டெபாசிட் பினாங்கில்

"எத்தனையோ நாட்டுல இருக்கிற பேங்க், அது எங்க விழப்போகுது?" பினாங்கில் நம்மவர்கள் ஃபிக்ஸட் டெபாசிட் பற்றிப் பேசினால் இது வந்துவிடும். எனக்கு உடன்பாடில்லை. நன்றாக ஓடும்வரை அது பலம்தான். கவிழும்போது ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் இருக்கும் பணத்தைத்தான் இழுத்துப் பிடிக்கும்.

ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி, 'ஐஸ்சேவ்' என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் டெபாசிட் வாங்கியது. அங்கே தனி நிறுவனம் கிடையாது, வெறும் கிளைதான். ஆகவே அந்த டெபாசிட்டுக்கு முதல் பொறுப்பு ஐஸ்லாந்தின் காப்புறுதி நிதி. அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 லட்சம்! 2008 அக்டோபரில் வங்கி விழுந்ததும் பிரிட்டன், பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் ஒன்றை வைத்து அதன் சொத்துகளை முடக்கியது. நட்பு நாடுதான், நேட்டோ கூட்டாளிதான். பிறகு இரு அரசுகளும் தங்கள் மக்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஐஸ்லாந்திடம் கணக்குக் கேட்டன. 2010, 2011 என இரண்டு வாக்கெடுப்பிலும் ஐஸ்லாந்து மக்கள் முடியாது என்றார்கள். 2013இல், ஐஸ்லாந்து உறுப்பினராக உள்ள ஐரோப்பிய வர்த்தக அமைப்பான எஃப்டாவின் நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

இந்தக் கூத்துக்கு வெகு முன்பே, 1990களிலேயே, மலேசியா வெளிநாட்டு வங்கிகளை இங்கே தனி நிறுவனமாக இயங்க வைத்துவிட்டது. பீச் ஸ்ட்ரீட்டில் நிற்கும் எச்எஸ்பிசியும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டும் சட்டப்படி மலேசிய நிறுவனங்கள். மூலதனம் இங்கே, மேற்பார்வை மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம், டெபாசிட் காப்புறுதி வாரியமான பிஐடிஎம் தரும் பாதுகாப்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை. இப்படி நாட்டுக்கு நாடு மூலதனத்தை அடைத்துவைத்தால் செலவு கூடுகிறது என்று பெரிய வங்கிகள் புலம்பும். கூடட்டும்.

இந்த வேலியும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதற்கு நம் வீட்டுக் கதையே உண்டு. 1980களின் தொடக்கத்தில் பேங்க் பூமிபுத்ராவின் ஹாங்காங் துணை நிறுவனமான பிஎம்எஃப், கேரியன் என்ற ஒரே குழுமத்துக்குக் கடனை அள்ளிக் கொடுத்தது. பிஎம்எஃப்பும் தனி நிறுவனம்தான். நஷ்டம் மட்டும் நேராகக் கோலாலம்பூருக்கு வந்தது. விசாரிக்கப் போன தணிக்கையாளர் 1983இல் கொல்லப்பட்டார். கடைசியில் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ்தான் வங்கியைத் தாங்கிப் பிடித்தது, அதாவது நம் எண்ணெய்ப் பணம்.

அதனால் நம் வங்கிகளான மேபேங்கும் சிஐஎம்பியும் இந்தோனேசியாவில் பெரிதாக வளரும்போது கைதட்டுவதோடு எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது: அங்கே அடி விழுந்தால் முதலில் யார் பணம் போகும்? பங்குதாரரா, வங்கிக்குக் கடன் கொடுத்துக் கடன் பத்திரம் வாங்கியவரா, டெபாசிட் போட்ட நாமா? வங்கி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று திட்டம் எழுதிவைத்தால் மட்டும் போதாது. சுவிட்சர்லாந்தின் பெரிய வங்கியான கிரெடிட் சுவிஸுக்கும் கத்தை கத்தையாகத் திட்டம் இருந்தது. 2023 மார்ச்சில் ஒரே வார இறுதியில் அதையெல்லாம் ஓரங்கட்டி, வங்கியைப் போட்டி வங்கியான யுபிஎஸ்ஸிடம் கொடுத்தார்கள். பங்குதாரருக்கு 300 கோடி ஃபிராங்க் கிடைத்தது, சுமார் 1,600 கோடி ஃபிராங்க் கடன் பத்திரங்கள் பூஜ்யமாயின. வழக்கமான வரிசையே தலைகீழ். உடனே ஹாங்காங்கும் சிங்கப்பூரும் 'எங்கள் ஊரில் பங்குதாரருக்குத்தான் முதல் அடி' என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று.

அப்புறம், பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. அங்கே போட்ட பணத்துக்கு, மலேசிய வங்கியின் பெயர் போட்டிருந்தாலும், பிஐடிஎம் வராது. அந்த ஊர்க் காப்புறுதி 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை, அதுவும் சிங்கப்பூர் வெள்ளியில் இருந்தால்தான்.