ஈரமாகாமல் தப்பிய டேப்புகள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. ஃப்ரிட்ஜ், மெத்தை எல்லாம் போனது. அதையெல்லாம் பிறகு தவணையில் வாங்கிவிட்டோம். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடந்த அறுபது எழுபது கேசட்டுகளைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெரும்பாலும் ரிக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கியவை. அந்தப் பாட்டெல்லாம் இன்று யூடியூபில் கிடைக்கிறது. ஒன்று மட்டும் கிடைக்காது. 1991இல் அப்பா விளையாட்டாக ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு ஆச்சியைப் பாடச் சொன்ன கேசட் அது. தாலாட்டு இரண்டு வரி, நடுவில் குக்கர் விசில், "ஏட்டி, அடுப்ப அணை, மூணு விசில் ஆச்சு" என்று ஆச்சி போடும் சத்தம், மறுபடி தாலாட்டு. சேறு காய்ந்து ஒட்டிப்போன அந்தக் கேசட்டைத் தூக்கி எறிய மனம் வராமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், ஒரு வருடத்துக்கு மேலாக நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அமெரிக்க ஃபோக் ஆல்பம் ஒன்றுக்குப் பின்னாலும் இப்படி ஒரு ராத்திரி இருக்கிறது.

பாடகி கில்லியன் வெல்ச், கிட்டார்காரர் டேவிட் ராலிங்ஸ் இருவரும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் வெளியிட்ட 'உட்லண்ட்'. அமெரிக்காவின் நாஷ்வில்லில் அவர்களுக்குச் சொந்தமான ஸ்டுடியோவின் பெயர்தான் அது. 2020 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அந்த ஊரை ஒரு டொர்னாடோ தாக்கியது. ஸ்டுடியோவின் கூரை பிய்ந்துபோய் மழை உள்ளே கொட்ட, இரண்டு பேரும் இருட்டில் டார்ச் லைட்டோடு உள்ளே போய் டேப்புகளையும் கருவிகளையும் தூக்கி வந்து காப்பாற்றியிருக்கிறார்கள். (நாங்கள் முதலில் எடுத்தது ரேஷன் கார்டு. தப்பில்லை, அதுவும் வேண்டியதுதான்.) அப்புறம் அந்தக் கட்டடத்தைச் சரிசெய்து, அதே இடத்தில் உட்கார்ந்து பாடி, அதன் பெயரையே ஆல்பத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

முதல் பாட்டில் ஒரு கூட்ஸ் வண்டி போகிறது. ஒரு பெட்டியின் இரண்டு பக்கக் கதவும் திறந்து கிடக்கிறது. உள்ளே சரக்கு இல்லை, வானம் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம். கேட் போட்ட லெவல் கிராசிங்கில் பைக்கை அணைத்துவிட்டு நின்ற எல்லோரும் பார்த்த காட்சிதான். வெல்ச் அதைப் பாடும்போது அந்த வெற்றுப் பெட்டியில் ஏதோ வில்லங்கம் இருப்பது போல நமக்கே ஒரு பயம் தட்டுகிறது.

ராலிங்ஸ் வாசிப்பது 1935ஆம் வருடத்து எபிஃபோன் ஒலிம்பிக், சின்ன கிட்டார். கும்மென்ற அடிநாதமெல்லாம் அதில் வராது. கறாரான, கொஞ்சம் மூக்கடைத்த சத்தம். வெல்ச் நிதானமாகப் பாடிக்கொண்டே போக, இவர் இடுக்கில் புகுந்து, இருக்கக் கூடாத ஸ்வரத்தில் விரலை வைத்துவிட்டு, தவறிவிட்டாரோ என்று நாம் நினைப்பதற்குள் சரியான இடத்தில் வந்து இறங்குகிறார். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் புரியும். சில பாட்டுகளில் பின்னால் வரும் வயலின் கூட்டம்தான் எனக்கு உறுத்தல். இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பந்தி விரித்த மாதிரி.

அதில் 'ஹாஷ்டாக்' என்று ஒரு பாட்டு. 2016இல் இறந்துபோன கை கிளார்க் என்ற பாட்டுக்காரரை நினைத்து எழுதியது. என் பெயருக்கு முன்னால் ஹாஷ்டாக் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக அந்தப் பாட்டில் வருகிறது. ஒரு பழைய பாடகரின் பெயர் திடீரென்று டைம்லைனில் நாலைந்து முறை வந்தால் நமக்கு வயிறு பகீர் என்கிறதே, அதேதான்.

2025 கிராமியில் சிறந்த ஃபோக் ஆல்பம் விருது இதற்குத்தான். அந்தப் பட்டியலில் இதோடு இருந்த இன்னொன்று பாடகி ஏட்ரியன் லெங்கரின் 'பிரைட் ஃப்யூச்சர்'. என்னைக் கேட்டிருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பேன். கம்ப்யூட்டரைக் கிட்டே சேர்க்காமல், நாலைந்து பேர் ஓர் இடத்தில் உட்கார்ந்து, முழுக்க டேப்பிலேயே பதிவு செய்தது. மூச்சு, அறைச் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கிறது, யாரும் துடைக்கவில்லை. முதல் பாட்டு 'ரியல் ஹவுஸ்'. பியானோ எங்கேயோ தட்டுத் தடுமாறி நடக்கிறது. பல்லவி என்று எதுவும் திரும்பி வருவதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு அக்கா சின்ன வயசைப் பேசுகிற மாதிரி போகிறது. அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை, வீட்டு நாய் செத்த அன்று வரைக்கும். இதை அவள் குரலை உயர்த்தாமல் சொல்லி முடிக்கிறாள். நான் அந்தப் பாட்டை ராத்திரி பாத்திரம் கழுவும்போது போட்டேன். குழாயை மூடிவிட்டுத்தான் மீதியைக் கேட்டேன்.

அதே ஆல்பத்தில் 'லவ்' என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு விளையாடுகிற பாட்டும் ஒன்று உண்டு. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுச் செய்யுள் கண்ட மொழிக்காரர்களான நமக்கு அது பெரிய வித்தையாகத் தெரியாது. நான் தாண்டிவிடுவேன்.

இதே லெங்கரின் பேண்ட் பிக் தீஃப் 2025 செப்டம்பரில் 'டபிள் இன்ஃபினிட்டி' கொண்டுவந்தது. பேஸ் கிட்டார் வாசித்தவர் 2024இல் விலகிவிட்டார். மிச்சம் மூன்று பேர் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவுக்குப் போய், வெளியிலிருந்து ஒரு பெரிய கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வயதாவதைப் பற்றிய முதல் பாட்டு அருமை. மூத்த இசைக்கலைஞர் லராஜி குரல் கொடுக்கும் இடமும் நன்றாகத்தான் இருக்கிறது. மற்றபடி எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், யாரோடும் பேச முடியவில்லை. இதைச் சொன்னால் சண்டைக்கு வர என் நண்பன் ஒருவன் இருக்கிறான். வரட்டும். லைவாக வாசித்தால் மட்டும் போதாது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காதுக்குத் தெரிய வேண்டும்.

'பிரைட் ஃப்யூச்சர்' வந்த அதே நாளில், 2024 மார்ச் 22, வாக்ஸஹாச்சி என்ற பெயரில் பாடும் கேட்டி க்ரட்ச்ஃபீல்டின் 'டைகர்ஸ் பிளட்'டும் வந்தது. புலி ரத்தம் என்றால் ஏதோ பயங்கரம் என்று நினைக்காதீர்கள், துருவிய ஐஸ் மேல் ஊற்றும் சிவப்பு சிரப்பின் பெயர். காலையில் காபியோடு கேட்க இதைவிடத் தோதான ஆல்பம் சமீபத்தில் இல்லை. பாஞ்சோவும், கூடப் பாடும் எம்.ஜே. லெண்டர்மனின் சோம்பல் குரலும் சேர்கிற அந்த ஒரு டூயட்டுக்காகவே கேட்கலாம்.

அந்த லெண்டர்மன் கதை தனி. வென்ஸ்டே என்ற பேண்டில் கிட்டார் வாசித்தவர், அதன் பாடகி கார்லி ஹார்ட்ஸ்மனோடு வாழ்ந்தவர். பிரிந்துவிட்டார்கள். அப்படியும் 2025 செப்டம்பரில் வந்த வென்ஸ்டேயின் 'பிளீட்ஸ்' ஆல்பத்தில் அவர் கிட்டார் இருக்கிறது. நம் வீடுகளில் இப்படி நடந்தால் கல்யாணப் பத்திரிகைகூட வராது. ஆல்பம் முழுக்க இரைச்சலும் கதறலும், நடுவில் திடீரென்று தேன் மாதிரி ஒரு கன்ட்ரி பாட்டு. 'டவுனீஸ்' என்ற பாட்டில் ஊர்ப் பையன் ஒருவன் வருகிறான். பாட்டைச் சொல்கிறவளின் அந்தரங்கப் படங்களை ஊரெல்லாம் அனுப்பியவன். அதைக் கேட்டு அவள் அவனிடம் கத்தவே இல்லை, அதற்குள் அவன் செத்துப்போய்விட்டான். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கிட்டார் அலறுகிறது. சத்தம் எதற்கு என்று கேட்பவர்களிடம் இனிமேல் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டப்போகிறேன்.

எல்லோரும் கொண்டாடும் கீஸ் பேண்டின் 'கெட்டிங் கில்ட்' ஆல்பம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் பாட்டிலேயே காரில் குண்டு இருக்கிறது என்று கத்துகிறார்கள். இறங்கிவிட்டேன். இன்னொரு நாள் ஏறிப் பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை 'உட்லண்ட்' கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த டப்பா ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேசட் பிளேயர் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். டேப்பை வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து, வேறு கூட்டில் சுற்றினால் ஓட வாய்ப்பு உண்டு என்றார். அப்புறம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஸ்க்ரூ வெச்ச மாடல் இல்ல சார், ஒட்டினது. ஒடச்சுத்தான் எடுக்கணும், பரவாயில்லையா?" என்று கேட்டார்.

உடைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்.