அழகாக வந்த முடிவு

உயிரியல் படித்து முடித்த பிள்ளைகள் அடிக்கடி கேட்பது, "பிஎச்.டி. போகலாமா?" கூடவே துணைக்கேள்விகள் வரும். புற்றுநோயா, நரம்பியலா, எதில் எதிர்காலம்? எத்தனை வருடம் இழுக்கும்? கைடு பெயரில் எத்தனை பேப்பர்? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் சேரப்போகும் லேபில் ஒரு சோதனை அழகாக வந்துவிட்டால் அடுத்த நாள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு எட்டு மாதச் செலவில் கிடைத்தது. மூன்றாம் வருடம் அப்போது. கிரிஸ்பர் முறையில் ஒரு மரபணுவை நீக்கிய செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். மரபணு நீக்காத தாய்ச் செல்களைவிட அவை மெதுவாகப் பெருகின. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. செல் பிரிவதற்கு இந்த மரபணு வேண்டும் என்று கதை எழுதியாகிவிட்டது. லேப் மீட்டிங்கில் கைடு முகத்தில் அப்படியொரு வெளிச்சம். போஸ்டர் கூட அடித்துவிட்டோம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு ஜூனியர், உட்கருக்களை எண்ணுவதற்காக, டி.என்.ஏ.வில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாப்பி சாயம் போட்டுப் பார்த்தார். உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசம் முழுக்கப் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். "இது என்னங்க?" என்றார். மைக்கோபிளாஸ்மா! செல் சுவரே இல்லாத பாக்டீரியா அது. அதனால் சுவரைத் தாக்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. 0.2 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டிவிடும். மற்ற பாக்டீரியாவைப் போல வளர்ப்புத் திரவத்தைக் கலங்கடித்துக் காட்டியும் கொடுக்காது. செல்லின் உணவைத் தின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். மரபணு நீக்கிய செல்களில் தொற்று; தாய்ச் செல்கள் சுத்தம். உறைய வைத்திருந்த, மரபணு நீக்கிய செல்களின் பழைய குப்பி ஒன்று நல்லவேளையாகச் சுத்தமாக இருந்தது. அதிலிருந்து மறுபடி வளர்த்தபோது இரண்டும் ஒரே வேகத்தில் பெருகின.

தொற்று யாருக்கும் வரும், அதை விடுங்கள். தொற்றுக் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் ஒரு பிசிஆர் சோதனை வைத்தால் அரை நாளில் தெரிந்திருக்கும், எட்டு மாதம் ஏன் யாரும் வைக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. முடிவு மோசமாக வந்திருந்தால் ஆன்டிபாடியைச் சந்தேகித்திருப்போம், இன்குபேட்டரைச் சந்தேகித்திருப்போம், முக்கியமாக என் கையைச் சந்தேகித்திருப்போம். பிடித்த முடிவு வந்ததால் எல்லோரும் கை தட்டிவிட்டுப் போய்விட்டோம். நானும்தான்.

கரோல் கிரைடர் கதை அப்புறம்தான் எனக்கு உறைத்தது. 1984 கிறிஸ்துமஸ் அன்று, பெர்க்லியில் மாணவியாக இருந்த அவர் எக்ஸ்ரே பிலிமில் ஏணிப்படி போன்ற வரிசையைப் பார்க்கிறார். குரோமோசோம் முனைகளான டெலோமியரை நீட்டும் ஒரு நொதி இருப்பதற்கான தடயம் அது. அவரும் கைடு எலிசபெத் பிளாக்பர்னும் உடனே பேப்பர் எழுத உட்காரவில்லை. ஏற்கெனவே தெரிந்த வேறொரு நொதி இந்த வேலையைச் செய்து நம்மை ஏமாற்றுகிறதோ என்று மாதக்கணக்கில் தங்கள் முடிவையே உடைக்கப் பார்த்தார்கள். உடையவில்லை. பேப்பர் வந்தது 1985 டிசம்பரில்; நோபல் 2009இல். எல்லோருக்கும் அந்த நோபல்தான் நினைவிருக்கிறது. நான் பிஎச்.டி. என்று சொல்வது அந்த நடுவிலிருந்த மாதங்களைத்தான்.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உதவித்தொகை ஒரு தேதியோடு நின்றுவிடும். பல இடங்களில் முதல் பெயரில் பேப்பர் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கைடுக்கு அடுத்த நிதி வர வேண்டும். இத்தனைக்கும் நடுவில் தன் நல்ல முடிவைத் தானே போட்டு உடைக்க யாருக்கு மனசு வரும்? 2012இல் பெக்லி, எல்லிஸ் என்ற புற்றுநோய் ஆய்வாளர்கள் இருவரும் எழுதியது நினைவிருக்கலாம்: புற்றுநோய் ஆய்வில் மைல்கல் என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளை ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின. மற்றவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேராவது என்னைப் போலக் கை தட்டிவிட்டுப் போனவர்களாக இருப்பார்கள்.

அதனால் என் கட்சி இதுதான்: "இந்த மரபணுவுக்கும் செல் பிரிவுக்கும் சம்பந்தமில்லை" என்று ஒழுங்காக நிரூபித்தவருக்கும் முனைவர் பட்டம் கொடுக்க வேண்டும். அப்படியானால் சோம்பேறிகள் எல்லாம் 'ஒன்றும் வரவில்லை' என்று எழுதிப் பட்டம் வாங்கிவிடுவார்களே என்பார்கள். செய்து பார்த்தால் தெரியும். இல்லை என்று காட்டுவதுதான் கடினம். இருந்திருந்தால் என் முறை அதைக் கட்டாயம் பிடித்திருக்கும் என்று பாசிட்டிவ் கண்ட்ரோல் (விளைவு நிச்சயம் வரும் என்று தெரிந்த ஒப்பீட்டுச் சோதனை) வைத்துக் காட்ட வேண்டும், போதுமான முறை திரும்பச் செய்ய வேண்டும், செல் அந்தச் செல்தானா என்று சோதித்திருக்க வேண்டும். சோம்பேறிக்கு வசதி பாசிட்டிவ் ரிசல்ட்தான். சோதனைப் படத்தில் எதிர்பார்த்த இடத்தில் ஒரு நல்ல பேண்ட் (பட்டை) வந்தால் போதும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

போன வாரம் ஒரு பெண் என் கேள்வியை அப்படியே அந்த லேபின் சீனியரிடம் கேட்டிருக்கிறாள். "நல்ல ரிசல்ட் வந்தால் சார் அன்றைக்கே பேப்பர் எழுதச் சொல்லிடுவார்" என்றாராம். எவ்வளவு வேகமான லேப் பாருங்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை.