பதினைந்து வயதுக்கு நூலகத்தில் எந்த நாற்காலி?

நம் ஊர்ப் பொது நூலகங்களுக்குள் போய்ப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வண்ண நாற்காலி போட்ட ஒரு மூலை இருக்கும், பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்கு முன்பக்க மேசை, குரூப் 2, குரூப் 4 என்று தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு உள்ளே நீள மேசை. பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ளவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள், பாடப்புத்தகத்தை மட்டும் சொல்லவில்லை. கிளை நூலகத்தில் குழந்தைகள் மூலையில் உட்கார்ந்தால் அவளுக்கு முட்டி மேசையில் இடிக்கும். சரி என்று நீள மேசைக்குப் போனால் இரண்டு பக்கமும் கைடும் நோட்டும் விரித்து வைத்திருப்பார்கள். தோழியிடம் ஒரு பக்கத்தைக் காட்டி இரண்டு பேரும் சிரித்ததற்கு, "பாப்பா, பேசுறதா இருந்தா வெளியே போங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கு அந்தத் தேர்வுதான் வாழ்க்கை. ஆனால் அந்தப் பிள்ளைகள் இப்போது நூலகம் பக்கமே போவதில்லை.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நமக்கு உண்மையிலேயே பெருமைதான். இரண்டிலும் குழந்தைகள் பகுதியைப் பார்த்தால் நமக்கே அங்கே உட்கார்ந்துவிடலாம் போல இருக்கும். போட்டித் தேர்வுப் பகுதியும் அப்படித்தான், எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பையன் அங்கே வந்தால் பெரும்பாலும் நீட் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சொந்த நூல் படிக்கும் பகுதிக்குத்தான் போகிறான். படிக்க ஒரு அமைதியான இடம் தேவைதான், ஒற்றை அறை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் அந்த வயதுக்கு நூலகம் தர வேண்டியது அவ்வளவுதானா?

நிகழ்ச்சி என்று பார்த்தால் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. பள்ளியிலிருந்து வரிசையாகக் கூட்டி வருவார்கள், பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, சான்றிதழ், குழு போட்டோ. அப்புறம் அடுத்த நவம்பர்தான். பள்ளிக் கல்வித் துறை பக்கம் நல்ல வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துப் புத்தகம் போட்டார்கள், ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை தேன்சிட்டு இதழ் வருகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் எல்லாம் நின்று பொதுத்தேர்வு மட்டும் மிஞ்சுகிறது.

இந்த வயதில்தான் உடம்பு மாறுகிறது, காதல் வருகிறது, சாதிக் கயிறு கையில் ஏறுகிறது, மார்க் குறைந்தால் செத்துவிடலாமா என்ற எண்ணம் வருகிறது. இதையெல்லாம் அப்பா அம்மாவிடம் கேட்க முடியாது, கேட்டாலும் பதில் வராது. போனில் கிடைக்கும் பதில் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஓங்கில் கூட்டம் போன்றவர்கள் பதின்வயதினருக்கென்றே தமிழில் சிறு நூல்கள் கொண்டுவருகிறார்கள். அப்படிப்பட்ட புத்தகங்கள் எங்கள் கிளை நூலகத்துக்கு வந்தால் சிறுவர் இலக்கிய அலமாரியில் போய்ச் சேர்ந்துவிடும், பதினைந்து வயதுப் பிள்ளை அந்த அலமாரிப் பக்கம் வருவதே இல்லை.

பெண் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பையன்களுக்காவது கிரவுண்ட் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, பாலத்துக் கட்டைச் சுவர் இருக்கிறது. பள்ளி, டியூஷன், வீடு தவிர ஒரு பதினாறு வயதுப் பெண் காசு கொடுக்காமல், யாரும் ஏன் என்று கேட்காமல் ஒரு மணி நேரம் தோழிகளோடு உட்கார நம் ஊரில் என்ன இடம் இருக்கிறது? "லைப்ரரிக்குப் போறேன்" என்றால் வீட்டில் விடுவார்கள். அந்த ஒரு அனுமதியின் மதிப்பு பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

சிகாகோ பொது நூலகம் 2009இல் தன் மைய நூலகத்தில் பதின்வயதினருக்கென்றே யூமீடியா என்று ஓர் இடம் ஒதுக்கியது. கேமரா, பாட்டுப் பதிவு செய்யும் அறை, சொல்லிக்கொடுக்க ஆட்கள் எல்லாம் உண்டு. முக்கியமாக, அங்கே பிள்ளைகள் சத்தமாகப் பேசலாம். நமக்கு ஸ்டுடியோ வேண்டாம். ஒரு மேசை, இரண்டு அலமாரி, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பேச அனுமதி உள்ள இரண்டு மணி நேரம் போதும், அதுவும் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் மாடியிலோ பின் அறையிலோ. என்ன புத்தகம் வேண்டும் என்று அவர்களே எழுத ஒரு நோட்டு. அந்த நோட்டை ஆர்டர் போடுகிறவர்கள் உண்மையாகவே பார்க்க வேண்டும்.

காசு எங்கே என்று கேட்பார்கள். 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், இன்றைக்கு ரூபாய்க்குப் பத்து காசு. வசூலித்ததை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்குப் பாக்கி வைக்காமல் கொடுத்தாலே நிறைய செய்யலாம். கதவைத் திறப்பதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை ஒரே ஆளாகப் பார்க்கும் நூலகர் தலையில் இதையும் கட்டச் சொல்லவில்லை. வாசகர் வட்டம் எதற்கு இருக்கிறது? அதில் நான்கைந்து மாணவர்களைச் சேர்க்கலாம், பாதிப் பேர் பெண் பிள்ளைகளாக இருக்கட்டும், ஞாயிறு சாயந்திரங்களை அவர்களும் வட்டத்துக்காரர்களும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் நூலகத்து வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் ஊர் நூலகத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது நடக்கிறதென்றால் ஊர் பெயரோடு கீழே எழுதுங்கள், அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.