தமிழ் மணியைக் கண்டெடுத்தவர் கேட்ட கேள்வி

நியூசிலாந்து என்று சொன்னதும் நம்மவர்களுக்கு இரண்டுதான் ஞாபகம் வரும். ஒன்று ஹாக்கா ஆட்டம், இன்னொன்று தமிழ் மணி. அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம் உண்மையில் ஒரு கப்பல் மணி, முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது என்ற கதை வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். கதை உண்மைதான். கூடவே சோழர்கள் அங்கே போனார்கள் என்று ஒரு வால் சேர்ந்துவரும். (முகையதீன் எந்தச் சோழன் என்று யாரும் கேட்பதில்லை.)

எனக்கு இப்போது மணியைவிட அதைக் கண்டெடுத்த மிஷனரி வில்லியம் கொலென்சோ மேல்தான் ஆர்வம். காரணம், வைத்தாங்கி.

ஆக்லாந்தில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து வடக்கே உள்ள வைத்தாங்கிக்குக் காரில் போனோம். 1840 பிப்ரவரி 6 அன்று பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் ஒப்பந்தம் போட்ட புல்வெளி அங்கேதான் இருக்கிறது. முதலில் வரவேற்புச் சடங்கு. வந்தவர்களில் ஒருவரைத் தலைவராக நிற்கச் சொல்கிறார்கள், அத்தான் மாட்டினார். கையில் ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டு, கண்ணை உருட்டியபடி ஒரு வீரர் வந்து தரையில் ஓர் இலையை வைத்தார். நல்லெண்ணத்தோடு வந்திருந்தால் அதை எடுக்க வேண்டும், ஆனால் எதிரில் நிற்பவரின் கண்ணிலிருந்து பார்வை விலகக் கூடாது. முழங்கால் வலிக்காரரான அத்தான் தொடையில் ஒரு கையை ஊன்றி, பார்வையை விடாமல் ஒருவழியாக எடுத்துவிட்டார். பின்னால் சிலர் கிளுக்கென்று சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் 1940இல் திறந்த பெரிய கூடம். வழக்கமாக இப்படிப்பட்ட கூடம் ஓர் இனக்குழுவுக்கு உரியது. இதில் நாடு முழுக்க உள்ள குழுக்களின் மரச்சிற்பங்கள் இருக்கின்றன. பாட்டு, ஹாக்கா, மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம், அப்புறம் போட்டோ. அதோடு பாதிக் கூட்டம் பேருந்தைப் பார்த்து நடந்துவிட்டது.

விஷயமே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஆங்கில வரைவை மிஷனரி ஹென்றி வில்லியம்ஸும் அவர் மகனும் ஒரே இரவில் மாவோரியில் பெயர்த்தார்கள். ஆங்கிலத்தில் தலைவர்கள் முழு இறையாண்மையையும் கொடுக்கிறார்கள். மாவோரியில் ஆளும் பொறுப்பை மட்டும் கொடுத்துத் தங்கள் அதிகாரத்தை வைத்துக்கொள்கிறார்கள். பிறகு பல ஊர்களிலும் சேர்த்துக் கையெழுத்திட்ட 500க்கும் மேற்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் இட்டது மாவோரிப் பிரதியில்தான்.

அந்த மாவோரிப் பிரதியை அச்சடித்தவர் கொலென்சோ. முதல் ஆளாக ஹோனே ஹெக்கே என்ற தலைவர் கையெழுத்திட வரும்போது, ஆளுநராகப் போகும் ஹாப்சனிடம் கொலென்சோ குறுக்கிட்டுக் கேட்டார்: இவர்களுக்கு இதில் உள்ளது புரிந்திருக்கிறதா? என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்கிற மாதிரிதான் பதில் வந்தது. சில வருடங்களிலேயே அதே ஹெக்கேயும் அவர் ஆட்களும், வளைகுடாவின் மறுகரையில் பிரிட்டிஷ் கொடிக்கம்பத்தை நான்கு முறை வெட்டிச் சாய்த்தார்கள்.

இதைப் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. மாவோரிகளின் புகார்களை 1840 வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரம் 1985இல்தான் வைத்தாங்கித் தீர்ப்பாயத்துக்குக் கிடைத்தது. 2024இல் ஓர் இளம் பெண் எம்பி நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கிழித்து ஹாக்கா ஆடிய வீடியோவுக்கு நாமெல்லாம் ‘செம மாஸ்’ போட்டோமே, அந்த மசோதா இந்த ஒப்பந்தத்துக்குப் புது விளக்கம் எழுதப் பார்த்ததுதான். 2025 ஏப்ரலில் 112க்கு 11 என்று தோற்றது. எதற்காக ஆடினார் என்று எத்தனை பேர் தேடிப் பார்த்தோம்?

போகிறவர்கள் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், நிகழ்ச்சியை அப்புறம் பாருங்கள். நாங்கள் எடுத்த டிக்கெட்டில் இரண்டும் அடக்கம். மண்ணடுப்பில் வேகவைக்கும் ஹாங்கி விருந்துக்கு மட்டும் தனிக் காசு.